டர்பனில் வாடகை வீடு: ஓரிடத்தில் விட்ட தண்ணீர் இன்னோரிடத்தில் ஏறினால் என்ன செய்வது

வாஷிங் மெஷின் அழுக்குத் தண்ணீரைத் தள்ளும் நேரத்தில் ஷவர் தரையில் நுரை பொங்குகிறது. டாய்லெட்டை ஃபிளஷ் செய்தால் வாஷ்பேசின் ‘களக் களக்’ என்று சத்தம் போடுகிறது. இரட்டை சிங்கின் ஒரு பக்கத்தில் சோறு வடித்தால் மறுபக்கத்தில் கஞ்சி எட்டிப் பார்க்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் அவுட்பில்டிங்கில் (பெரிய வீட்டுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிய சின்ன வீடு) குடியேறியவர்களும், ஓவர்போர்ட்டிலோ நார்த் பீச்சிலோ பழைய ஃபிளாட் எடுத்தவர்களும் இதில் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் இனி பார்ப்பீர்கள்.

எனக்கு நடந்தபோது அடைப்பைவிட ஆட்களோடுதான் பெரும்பாடாக இருந்தது. ஏஜென்ட் வீட்டுக்காரரைக் கை காட்டினார். வீட்டுக்காரர் மாநகராட்சியைக் காட்டினார். மாநகராட்சியிலிருந்து வந்தவர்கள் வெளி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இது உள்ளே இருக்கும் கோளாறு என்று கிளம்பிவிட்டார்கள். நடுவில் ஒரு பிளம்பர் வந்து சிங்கைக் குத்திவிட்டு பில்லை நீட்டினார்; மறுநாளே பழைய கதை. எல்லாம் ஓய்ந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், யாரைக் கூப்பிட வேண்டும், யார் பணம் கட்ட வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். அந்த இடத்தை நீங்களே பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும். அதற்குப் பிறகு ஃபோனை எடுத்தால் போதும்.

1. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், படம் எடுங்கள்

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஸ்பின் ஆரம்பித்தால் இன்னொரு வாளித் தண்ணீர் வந்து சேரும். வீட்டில் எல்லாரிடமும் ஃபிளஷ் வேண்டாம், குழாய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துடைக்கத் தொடங்குவதற்கு முன் ஃபோனில் ஒரு வீடியோ எடுங்கள். எங்கே ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது, அந்த நேரத்தில் எந்தக் குழாய் திறந்திருந்தது என்று வாயால் சொல்லிக்கொண்டே எடுப்பது நல்லது. பிறகு யாரும் நேரில் வந்து பார்க்காமலே “சும்மா கொஞ்சம் மெதுவாப் போகுது, அவ்வளவுதான்” என்று சொல்ல முடியாது.

கையுறை போடுங்கள், மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். டாய்லெட் லைனில் இருந்து ஏறியது என்றால் அது வெறும் சோப்புத் தண்ணீர் இல்லை.

2. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்

தண்ணீர் எப்போதும் அடைப்புக்கு முன்னால் இருக்கும் மிகத் தாழ்ந்த வாயைத் தேடித்தான் வெளியே வரும். அதனால்தான் சமையலறையில் விட்டது ஷவர் தரையில் வருகிறது. ஷவரில் கோளாறு என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு குழாயை மட்டும் திறந்து, மற்ற இடங்களில் என்ன ஆகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனைக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். வழிந்து தரையில் ஓடும் அளவுக்கு விட வேண்டாம்.

ஒரே ஒரு இடம் மட்டும் மெதுவாகப் போகிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், அதற்குக் கீழே இருக்கும் ட்ராப்பில்தான் குப்பை. ட்ராப் என்பது சிங்குக்கு அடியில் வளைந்தோ பாட்டில் போலவோ இருக்கும் பகுதி. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும்.

இரட்டை சிங்கில் ஒன்றில் விட்டது மற்றதில் ஏறினால், இரண்டும் சேரும் இடத்துக்குப் பிறகு அடைப்பு. வாஷிங் மெஷின் தண்ணீர் சிங்குக்குள் வருகிறதா? மெஷினின் ஹோஸை சிங்க் ட்ராப்பின் பக்கவாட்டு மூக்கில் மாட்டியிருப்பார்கள். அதுவும் இதே இடம்தான். வாஷ்பேசினும் ஷவரும் மட்டும் ஒன்றோடொன்று விளையாடினால் பாத்ரூமின் கிளைக் குழாய். அங்கே தலைமுடியும் சோப்பும்தான் முக்கால்வாசி.

டாய்லெட்டை ஃபிளஷ் செய்யும்போது ஷவரிலோ வெளியே கல்லியிலோ (சுவருக்கு வெளியே தரையில் இருக்கும் சின்னத் தொட்டி) ஏறினால், அது தரைக்குக் கீழே ஓடும் பெரிய குழாய். இங்கே அது பொதுவாக 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய். பழைய வீடுகளில் சுட்ட மண் குழாயும் இருக்கும். இதை பிளஞ்சரால் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை.

தண்ணீர் ஏறவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது, ட்ராப் காலியாகி நாற்றம் வருகிறது என்றால் காற்றுக் குழாயைச் சந்தேகப்படலாம். சுவரோரமாகக் கூரைக்கு மேலே போகும் குழாய்தான் அது. அதன் வாயில் இலையோ பறவைக் கூடோ அடைத்தால், ஃபிளஷ் தண்ணீர் போகும் வேகத்தில் பக்கத்து ட்ராப்பில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஆனால் பெரிய குழாய் பாதி அடைத்திருந்தாலும் இதே சத்தம் வரும். அதனால் இது மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கூரை மேல் ஏறவும் வேண்டாம்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. உங்கள் வீட்டில் யாரும் தண்ணீரே விடவில்லை, ஆனாலும் ஏறுகிறது. அப்படியானால் அது உங்கள் தண்ணீர் இல்லை. மேல் மாடியில் இருந்தோ, பக்கத்து வீட்டில் இருந்தோ, தெருவில் இருந்தோ வருகிறது. வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

3. வெளியே போய்ப் பாருங்கள்

புதிதாக வந்தவர்கள் இதைச் செய்வதே இல்லை. ஊரில் ஃபிளாட்டில் வளர்ந்த நமக்கு, வீட்டைச் சுற்றி நடந்து குழாய்களைப் பார்க்கும் பழக்கம் கிடையாது. இங்கே பாதிப் பதில் வெளியேதான் இருக்கிறது.

சமையலறைச் சுவருக்கு வெளியே தரையில் கம்பித் தட்டு போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். சிங்க் தண்ணீர் அதில் வந்து விழும். இதைத்தான் இங்கே கல்லி என்கிறார்கள். பாத்ரூம் பக்கம் இன்னொன்று இருக்கலாம். சிங்கில் தண்ணீர் நிற்கிறது, கல்லி காலியாக இருக்கிறது என்றால் அடைப்பு சிங்குக்கும் கல்லிக்கும் நடுவில், சின்ன வேலை. கல்லியே நிரம்பி வழிகிறது என்றால் அதற்கு அப்பால்.

கல்லியின் விளிம்பு வீட்டுக்குள் இருக்கும் ஷவர் தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெரிய குழாய் அடைத்தால் சாக்கடை வீட்டுக்குள் வராமல் வெளியே கல்லி வழியாக வழியட்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. முற்றத்துக்கு டைல்ஸ் போடும்போது கல்லியைச் சுற்றி சிமெண்ட் வைத்து உயர்த்திவிடுகிறார்கள். நாற்றம் வருகிறது என்று பலகை போட்டு மூடி, அதன் மேல் பூந்தொட்டியை வைப்பவர்களும் உண்டு. பிறகு வழிய வேறு வழியில்லாமல் ஷவரில் வருகிறது. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் படம் எடுத்து வையுங்கள். இது வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டிய குறை.

அடுத்தது மேன்ஹோல்களும் ராடிங் ஐகளும். ராடிங் ஐ என்பது தரை மட்டத்தில் சாய்வாக வந்து மூடியோடு நிற்கும் குழாய் முனை. அதன் வழியாகத்தான் நீளக் குச்சியை உள்ளே விடுவார்கள். வீட்டில் இருந்து தெரு இருக்கும் பக்கம் வரிசையாக நடங்கள். மேன்ஹோல் மூடியைத் தூக்கிப் பார்க்க இருவர் வேண்டும். தலையை உள்ளே நீட்டாதீர்கள், அந்த வாயு ஆளை மயக்கிவிடும். ராடிங் ஐ மூடியைத் திறக்கும்போது ஒதுங்கி நின்று மெல்லத் திருகுங்கள். உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றால் முகத்தில் அடிக்கும்.

பார்க்க வேண்டியது இதுதான்: எது வரைக்கும் நிரம்பி நிற்கிறது, எதில் இருந்து காய்ந்திருக்கிறது. நிரம்பியதற்கும் காய்ந்ததற்கும் நடுவில் அடைப்பு. உங்கள் மனையின் எல்லையை ஒட்டியிருக்கும் கடைசி மேன்ஹோலும் நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு வெளியே, அதாவது மாநகராட்சிக் குழாயில்.

அவுட்பில்டிங்கில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உங்கள் குழாய் பெரும்பாலும் பெரிய வீட்டுக் குழாயில் போய்ச் சேரும். பின்னால் சேர்த்துக் கட்டியதால் போதிய சரிவு இல்லாமல் போட்டிருப்பார்கள். பெரிய வீட்டில் ஆண்ட்டி துணி துவைத்தால் உங்கள் ஷவர் நிறைகிறதா என்று அவர்களையே சேர்த்து வைத்துச் சோதியுங்கள். அவர்கள் சிங்கில் கேசரிப் பவுடர் கலந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் சிவப்பாக ஏறினால் வாதத்துக்கு இடமில்லை. சாட்ஸ்வொர்த்தில் சுவர் ஒட்டிய வீடுகளிலும் பக்கத்து வீட்டோடு குழாய் சேர்ந்திருக்கக்கூடும். சண்டையாக இல்லாமல், சேர்ந்து பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டால் வருவார்கள். எனக்கு அந்த ஆண்ட்டிதான் மூடி எங்கே புதைந்திருக்கிறது என்றே காட்டினார்.

4. நீங்களே செய்யக்கூடியது

அடைப்பு கல்லிக்கு இந்தப் பக்கம் என்று தெரிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். தரைக்குக் கீழே என்றால் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

சிங்குக்கு அடியில் வாளி வைத்து ட்ராப்பைக் கழற்றிக் கழுவுங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்தால் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் எந்தப் பக்கம் என்று குழப்பம் வராது. ட்ராப் சுத்தமாக இருந்தால் சுவருக்குள் போகும் குழாயில் ஸ்பைரல் கம்பியை விடலாம். ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். விலை ஒரு பிளம்பரின் கால்அவுட் கட்டணத்தைவிட, அதாவது வீட்டுக்கு வருவதற்கே வாங்கும் பணத்தைவிட, குறைவு.

பிளஞ்சர் போடுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. இரட்டை சிங்கில் ஒன்றை அழுத்தினால் காற்று மற்றதன் வழியாகப் போய்விடும். அதனால் மற்றதை ஈரத் துணியால் இறுக்கி அடைக்க வேண்டும். வாஷ்பேசினில் மேலே இருக்கும் சிறு துளையையும் அப்படியே. மெஷின் ஹோஸ் மாட்டியிருந்தால் அதையும் மடக்கிக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் அரைமணி நேரம் அழுத்தினாலும் கைதான் வலிக்கும்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், பி.வி.சி. குழாயும் இணைப்பும் இளகும், டாய்லெட் பீங்கான் விரிசல் விடும். காஸ்டிக் சோடா சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைப்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் கொட்டுகிறார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் அது அடைப்பு வரை போய்ச் சேராது. மேலேயே கரைந்து நின்று, பிறகு திறப்பவர் கையைச் சுடும். ஏற்கெனவே கொட்டியிருந்தால் பிளம்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஜிக் மாதிரியான பிளீச்சோடு ஆசிட் கிளீனரையோ அம்மோனியா கலந்த கிளீனரையோ எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். வரும் புகை மூச்சுக்குழாயைக் கெடுக்கும்.

5. யார் கட்ட வேண்டும்

எல்லைக்கு வெளியே என்றால் எத்தெக்வினி, அதாவது டர்பன் மாநகராட்சி. தண்ணீர் பில்லில் இருக்கும் எண்ணில் புகார் கொடுங்கள். வீட்டின் கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வாடகைக்காரரிடம் பில் இருக்காது, ஏஜென்டிடம் முன்பே ஒரு படம் வாங்கி வைப்பது நல்லது. ரெஃபரன்ஸ் எண் வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லாம் முதலில் இருந்து. கடைசி மேன்ஹோல் நிரம்பி நிற்கிறது என்று சொல்லுங்கள். “சிங்க் அடைத்திருக்கிறது” என்று சொன்னால் தனியார் பிளம்பரைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும்.

எல்லைக்கு உள்ளே, தனி வீடு என்றால் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுங்கள். குடியிருப்பவரின் உபயோகத்தால் வந்த அடைப்பை அவரே சரிசெய்ய வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். முடி, எண்ணெய், ஈரத் துடைப்பான் காகிதம் அதில் வரும். மரவேர், உடைந்த குழாய், சரிவு இல்லாத குழாய் வராது. எனவே ‘காரணம்’ என்ன என்று எழுத்தில் வாங்குவதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. முற்றத்தில் பெரிய மாமரமோ அவகாடோ மரமோ இருந்து, பழைய மண் குழாயும் இருந்தால் வேரை நினைக்காமல் இருக்காதீர்கள்.

ஃபிளாட் என்றால் கணக்கு வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொதுவான குழாயைப் பராமரிப்பது பாடி கார்ப்பரேட்டின், அதாவது ஃபிளாட் உரிமையாளர்கள் சேர்ந்த அமைப்பின் பொறுப்பு. ஃபிளாட் வளாகங்களின் நிர்வாகம் பற்றிய 2011ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம் அதைச் சொல்கிறது. பொதுக் குழாய் அடைத்தால் மேல் மாடித் தண்ணீர் தரைத்தளத்தில்தான் ஏறும், அதனால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். நீங்கள் நேராக பாடி கார்ப்பரேட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டின் உரிமையாளர்தான் அதில் உறுப்பினர், அவர் வழியாகப் போங்கள். அவர்களுக்குள் தீராவிட்டால் இப்படிப்பட்ட குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்க சி.எஸ்.ஓ.எஸ். என்ற அரசு அமைப்பு இருக்கிறது.

6. பிளம்பரைக் கூப்பிடும் முன் கேளுங்கள்

பிளம்பர் வாசலில் பக்கியை (பிக்கப் வண்டியை) நிறுத்திய நிமிடத்தில் இருந்தே கட்டணம் ஓடும். ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள்: கால்அவுட் எவ்வளவு? அதில் முதல் மணி நேரம் சேர்த்தியா, தனியா? வாட் வரி 15 சதவீதம் சேர்த்த விலையா? சனி, ஞாயிறு, இரவு என்றால் எவ்வளவு கூடும்? குச்சி விட்டும் போகாவிட்டால் உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்கும் வேலைக்குத் தனி விலையா? கால்அவுட் சில நூறு ராண்டில் முடியும். தண்ணீர் அடிப்பது, கேமரா விடுவது என்று போனால் ஆயிரங்களுக்கு ஏறும். தரையைத் தோண்டிக் குழாய் மாற்றுவது இன்னொரு கணக்கு.

மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். நீங்கள் முன்கூட்டி மதிப்பீடு கேட்டு வாங்கியிருந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தாண்டி வசூலிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. வீட்டுக்காரர் பணம் தர வேண்டிய வேலை என்றால் அவருடைய “சரி” என்ற பதில் கையில் வந்த பிறகுதான் ஆளை வரச்சொல்ல வேண்டும். முதலில் செய்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அந்தப் பணம் திரும்புவது கஷ்டம். சாக்கடை வீட்டுக்குள் வருகிறது, அவர் ஃபோனை எடுக்கவில்லை என்றால் செய்தியையும் தவறிய அழைப்புகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு ஆளை அழையுங்கள்.

பி.ஐ.ஆர்.பி. என்ற பிளம்பர் பதிவு அமைப்பில் பதிவு உள்ளவரா என்று கேட்டு அட்டையைப் பாருங்கள். வெறும் சிங்க் அடைப்புக்கு இது பெரிதில்லை. குழாய் மாற்றும் வேலை என்றால் பதிவு உள்ளவரும், முடித்த பிறகு சான்றிதழும் வேண்டும்.

ஒரே அடைப்பு திரும்பி வந்தால் மறுபடி குச்சி விடச் சொல்லாதீர்கள். கேமரா விடச் சொல்லுங்கள், அந்தப் பதிவை உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். குச்சி வேருக்குள் ஒரு துளை போடும், தண்ணீர் போகும், எல்லாரும் சந்தோஷமாகக் கிளம்புவார்கள்; வேர் அங்கேயே இருக்கும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரி முதல் வாரம் வரை கட்டுமானக்காரர்கள் விடுமுறை. அவசர பிளம்பர் கிடைப்பார், தோண்டும் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. அதே சமயம்தான் மழைக்காலமும். கூரைத் தண்ணீர்க் குழாயை யாராவது கல்லிக்குள் விட்டிருந்தால் பெருமழையில் சாக்கடை லைனே நிரம்பும். அப்படி விடுவது இங்கே விதிமீறல். உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறதா என்று நவம்பருக்குள் ஒரு பார்வை பாருங்கள்.

7. அடைப்பு எடுத்த பிறகு

பிளம்பர் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்: மெஷின், ஷவர், இரண்டு ஃபிளஷ். ஒரு வாளி ஊற்றிக் காட்டிவிட்டுப் போவதை ஏற்காதீர்கள்.

மற்றபடி உங்களுக்குத் தெரிந்ததுதான். பொரித்த எண்ணெயை சிங்கில் ஊற்றாதீர்கள், பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றிய பெரிய பாத்திரங்களை வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ‘ஃபிளஷ் செய்யலாம்’ என்று போட்டிருக்கும் ஈரத் துடைப்பான் காகிதத்தை நம்பாதீர்கள். வெருலம், டொங்காட் பக்கம் அடிக்கடி குழாயில் தண்ணீர் வராமல் போகும்போது அரை வாளி ஊற்றி ஃபிளஷ் செய்கிறோம். அது கண்ணுக்கு மறைவாகத் தள்ளும், தெரு வரை கொண்டுபோகாது. ஊற்றினால் முழு வாளியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள்.

8. காகிதங்கள்

எல்லாவற்றையும் ஃபோனில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள்: ஒப்பந்தம், குடிபோகும்போது சேர்ந்து பார்த்த குறைகளின் பட்டியல், வீடியோ, மாநகராட்சி ரெஃபரன்ஸ் எண், மதிப்பீடு, பில். பில்லில் “அடைப்பு நீக்கப்பட்டது” என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எங்கே இருந்தது, எதனால் வந்தது, எந்தத் திறப்பு வழியாக எடுத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். சொன்னால் எழுதிக் கொடுப்பார்கள்; கேட்காமல் யாரும் எழுதமாட்டார்கள்.

குடிபோகும் முன் சேர்ந்து பார்க்கும் அந்தச் சோதனை 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் எல்லாக் குழாயையும் திறந்து, ஃபிளஷ் செய்து, கல்லியையும் பார்த்து, மெதுவாகப் போவதைப் பட்டியலில் எழுதவைத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், அங்கே கட்டணம் இல்லை, ஆனால் இந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

வீட்டைக் காலி செய்யும்போதும் அதே சட்டப்படி சேர்ந்து பார்க்க வேண்டும். சேதம் எதுவும் இல்லை என்றால் அட்வான்ஸ் வட்டியோடு 7 நாளில் திரும்ப வேண்டும். சேதத்துக்குக் கழிப்பதாக இருந்தால் மீதியை 14 நாளில் தர வேண்டும், செலவு செய்த ரசீதுகளை உங்களுக்குக் காட்டவும் வேண்டும். அந்தச் சோதனைக்கு நீங்கள் வராமல் போனால் காலக்கெடு 21 நாள் ஆகிவிடும். ‘டிரெய்ன் கிளீனிங்’ என்று ஒரு வரி போட்டுக் கழித்திருந்தால் அதற்கான பில்லைக் கேளுங்கள், உங்கள் ஃபோல்டரில் இருக்கும் பில்லோடு வைத்துப் பாருங்கள்.